வெள்ளைப் பாம்பின் விலாசம்

கோலார் தங்க வயலில் ஒரு வெள்ளைப் பாம்பு தென்பட்டால் அது சாமியா, சரக்கா, சாவா? விடையில் பாதி அமெரிக்க வளர்ப்பாளர்களின் கணக்கு நோட்டில் இருக்கிறது.

பாலகாட்டில் பாம்பு ஒரு செய்தியே அல்ல. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று தெற்கிலிருந்து வடக்காக வரிசை கட்டி நின்ற கோலார் தங்கச் சுரங்கங்களில் இது வடகோடி. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியபின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து பூமிக்குள் இறங்கினார்கள். 1956-ல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. தங்கம் போனது. மிச்சம் இருப்பது சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய சுமார் 3.3 கோடி டன் கழிவு மண், பாழடைந்த கட்டடங்கள், மூடியும் மூடாமலும் கிடக்கும் குழிகள், புதர்கள். எலிகளுக்கு இதைவிட நல்ல குடியிருப்பு கிடைக்காது. எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும். நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும். ஒற்றை வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பு எடுப்பவர் எடுப்பார். விவரம் தெரிந்தவர் பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடுவார்.

ஆனால் வரும் பாம்பு வெள்ளையாக இருந்தால் நியதிகள் மாறிவிடும்.

பாலும் மஞ்சளும் வந்துவிடும். நாகத்துக்குக் கல் நடும் வழக்கம் ஊறிய பூமி இது. பழைய கோலார் மாவட்டத்தில் இருந்து, 2007-ல் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தோடு பிரிந்து சென்ற விதுராஸ்வத்தத்தில் அரசமரத்தடியில் வரிசை வரிசையாய்க் குவிந்திருக்கும் நாகர் கற்களைப் பார்த்தாலே போதும். (பாம்பு பால் குடிப்பதில்லை. தண்ணீரே கிடைக்காமல் தவிக்கும் பாம்பு எதையும் குடித்து வைக்கும், அவ்வளவுதான்.) பக்திக்குப் பின்னாலேயே செல்போன் வரும். செல்போனுக்குப் பின்னால் தரகர் வருவார். மண்ணுளிப் பாம்பை 'இரட்டைத்தலைப் பாம்பு' என்று சொல்லி, எடைக்குத் தக்க லட்சம் கோடி என்று விலை பேசி, வாங்க வந்தவரையும் விற்க வந்தவரையும் ஒருசேர மொட்டையடிக்கும் கும்பல்கள் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழையவை. அந்தத் தரகருக்கு வெள்ளைப் பாம்பு இன்னொரு சரக்கு.

2023-ல் கோவை குறிச்சிப் பகுதியில் குடியிருப்புக்குள் ஒரு வெள்ளை நல்லபாம்பு வந்தபோது இவை எதுவும் நடக்கவில்லை. தன்னார்வலர்கள் பிடித்தார்கள், ஆனைக்கட்டி வனப்பகுதியில் விட்டார்கள். படங்கள் ஊர் ஊராகச் சுற்றின. பார்த்தவர்களில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது நிஜமாகவே நல்லபாம்புதானா?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாம் பாம்பை நிறத்தால்தான் அடையாளம் காண்கிறோம். கறுப்பில் வெள்ளைக் கட்டு போட்டால் கட்டுவிரியன். முதுகில் சங்கிலி போட்டால் கண்ணாடி விரியன். படத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தால் நல்லது. நிறம் போய்விட்டால் இந்த மொத்தப் பாடமும் போய்விடுகிறது. போகாதது விஷம் மட்டும். வெள்ளை நல்லபாம்பின் கடியும் கறுப்பு நல்லபாம்பின் கடியும் ஒன்றே.

நிறம் ஏன் போகிறது? பாம்பின் தோலில் மூன்று வகை நிற அணுக்கள் உண்டு. ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும் மெலனினைச் சுமப்பது. ஒன்று மஞ்சள், சிவப்புக்கானது. மூன்றாவது வெளிச்சத்தைத் திருப்பிப் பளபளக்க வைப்பது. மெலனினைச் செய்யும் மரபணு பழுதாகிப் பிறந்தால் முதல் நிறம் மட்டும் இராது. ஆகவே பாம்பில் 'அல்பினோ' என்றால் பால்போல் வெளுத்தது என்று அர்த்தமில்லை. மஞ்சளும் ஆரஞ்சும் அப்படியே இருக்கும். திட்டுகளும் பட்டைகளும் வேறு நிறத்தில் தெரியும். கண்தான் காட்டிக்கொடுக்கும்: இளஞ்சிவப்பு, அல்லது மாணிக்கச் சிவப்பு. உடம்பு முழுக்க வெள்ளையாகவும் கண் மட்டும் கறுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது அல்பினோ அல்ல. எல்லா நிற அணுக்களும் குன்றிப்போன வேறொரு கோளாறு. சட்டை உரிக்கப் போகும் பாம்புக்கும் உடம்பு மங்கி, கண்ணில் பால் படர்ந்தாற்போல் நீலம் பூக்கும். வெள்ளைப் பாம்பு என்று வரும் தகவல்களில் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் அதுவே பளபளவென்று பழைய நிறத்தில் திரியும்.

காட்டில் அல்பினோ அபூர்வம். பருந்தின் கண்ணுக்கும் கீரியின் கண்ணுக்கும் வெள்ளைக் குட்டி விளக்குப் போட்டதுபோல் தெரியும். வளர்ந்த வெள்ளைப் பாம்பு கண்ணில் படுவது அதனால்தான் இவ்வளவு பெரிய சங்கதி. ஆனால் பழுதான மரபணு அபூர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. அது சாதாரண நிறப் பாம்புகளுக்குள் ஒளிந்தே பயணம் செய்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுகளும் ஒரே முட்டையில் சேர்ந்தால்தான் வெளியே தெரியும்.

இந்த ஒளிந்திருத்தலைப் பிடித்துத் தொழிலாக்கியவர்கள் அமெரிக்கர்கள். முன்னோடி ஒரு தோல் மருத்துவர், பெர்னார்ட் பெக்டெல். 1950-களில் வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு வெள்ளைச் சோளப்பாம்பிலிருந்து தொடங்கி, அந்நிறம் பெற்றோரிடம் மறைந்திருந்து பேரப்பிள்ளைகளிடம் வெளிப்படும் என்பதைக் கூண்டிலேயே இனவிருத்தி செய்து நிரூபித்தார். தோல் வெளுப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பாம்பு நோயாளியாகத் தெரிந்ததா, பொக்கிஷமாகத் தெரிந்ததா? வியாபாரிகளுக்கு எப்படித் தெரிந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2015-ல், ஜெனீவா விஞ்ஞானிகள் அந்தச் சோளப்பாம்பின் பழுது எந்த மரபணுவில் என்று காட்டினார்கள். மனிதர்களில் ஒருவகை வெளுப்புக்குக் காரணமான அதே மரபணு.

சோளப்பாம்புக்கு அடுத்தபடி கூண்டுக்கு வந்தவற்றில் ஒன்று கோஃபர் பாம்பு. கோஃபர் என்பது வட அமெரிக்காவின் வளைதோண்டி எலி; அதைத் தின்பதால் வந்த பெயர். நம்மூர்ச் சாரைக்கு அமெரிக்க மச்சான் என்று இதைச் சொல்லலாம். விஷமில்லை. நீளம் நாலைந்து அடி. விவசாயிக்கு நண்பன். பயந்தால் உடம்பை ஊதி, மூச்சுக்குழல் வாயிலுள்ள மெல்லிய சவ்வு அதிரச் சீறி, காய்ந்த சருகில் வாலை அடித்து, கிலுகிலுப்பை விரியனைப்போல் நடிக்கும். நடிப்பு நன்றாக இருப்பதால் அடிபட்டுச் சாகும். நல்லபாம்பென்று அடிக்கப்படும் நம் சாரைக்கும் இதே தலையெழுத்துதான்.

சாதாரண கோஃபர் மணல் நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகள் போட்டது. அல்பினோவில் அதே திட்டுகள் வெளிர் மஞ்சள் தரையில் ஆரஞ்சுப் பூக்களாக மலர்ந்திருக்கும். பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. இனவிருத்திக்குக் குளிர்காலம் வேண்டும். இரண்டு மூன்று மாதம் பட்டினி போட்டுக் குளிரில் உறங்கவைத்து, வசந்தத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பார்கள். கோடையில் முட்டை. மனிதன் சூடு தாங்கும் அளவிலான பெட்டியில் ஏறத்தாழ பத்து வாரம் வைத்திருந்தால் குட்டி முட்டையோட்டைக் கீறித் தலை நீட்டும். (சேர்க்கை பற்றிப் பேசும்போது நம்மூர் நம்பிக்கை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பின்னிப் பிணைந்து எழும் என்பார்கள். அப்படி எழுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடப்பது காதல் அல்ல, மல்யுத்தம். சாரையும் நல்லபாம்பும் சேர்ந்து குட்டி பொரிப்பதில்லை.)

கணக்குக்கு வருவோம். அல்பினோவைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம். ஆனால் அத்தனையும் பழுதைச் சுமப்பவை. அவற்றில் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோ. மற்ற மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பழுதைச் சுமக்கும், ஒன்று சுமக்காது. எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. வளர்ப்பாளர்கள் அந்த மூன்றையும் '66 சதவீதம்' என்று எழுதி விற்கிறார்கள். 66 சதவீதப் பழுது உள்ள பாம்பு என்று எதுவும் உலகத்தில் இல்லை. உண்டு அல்லது இல்லை. 66 என்பது விற்பவருடைய அறியாமையின் அளவு; வாங்குபவர் அதற்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. சந்தேகப் பாம்பை அல்பினோவோடு சேர்க்க வேண்டும். ஒரேயொரு வெள்ளைக் குட்டி வந்தாலும் வழக்கு முடிந்தது. வராவிட்டால்? சுமக்கும் பாம்பாக இருந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறு முட்டையும் சாதாரணமாகவே பொரிந்தால், பாம்பு பழுதைச் சுமந்துகொண்டே தப்பியிருக்க 64-ல் ஒரு வாய்ப்புதான் மிச்சம். பொறுமை உள்ளவர்களுக்கான பரீட்சை இது. குட்டி வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அண்மைக்காலமாகச் சில இனங்களுக்கு உரித்த சட்டையே போதும் என்றாகிவிட்டது. ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்' மலைப்பாம்பில் (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர்) அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகளிலிருந்தே நிறப் பழுது எந்த மரபணுவில் என்று கண்டறிந்து 2022-ல் வெளியிட்டது.

இன்னும் ஒரு வேடிக்கை. இரண்டு அல்பினோக்களைச் சேர்த்தால் பிள்ளைகளும் அல்பினோ என்றுதானே நினைப்போம்? தென்னமெரிக்க போவா பாம்பில் கால், ஷார்ப் என்று இரு அல்பினோ வம்சங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தபோது பிறந்த குட்டிகள் சாதாரண நிறம். தாய்க்குப் பழுது ஓரிடத்தில், தந்தைக்கு வேறிடத்தில். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்துவிட்டார். 'அல்பினோ' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கின்றன என்பது வளர்ப்பாளர்களுக்குக் காசு செலவழித்துக் கிடைத்த ஞானம்.

கோஃபரில் சிக்கல் வேறு விதம். சான் டியேகோ, பசிபிக், சொனோரா, கிரேட் பேசின் என்று கோஃபருக்குக் கிளையினங்கள் பல. நிறத்தையும் திட்டுகளையும் வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். அல்பினோவில் நிறமே இல்லை. திட்டுகளை எண்ணலாம், செதில்களை எண்ணலாம். அப்படியும் கலப்புக் குட்டியை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் விற்றவருடைய நோட்டுப்புத்தகத்தில் தாய் யார், தந்தை யார் என்று எழுதியிருப்பதுதான் சாட்சி. நோட்டு தொலைந்தால் பாம்புக்கு விலாசம் இல்லை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, பாலகாட்டுக்கு என்ன என்று கேட்கலாம். பெங்களூர் விமான நிலையம் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். விதவிதமான நிறங்களில் 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், செத்துப்போன ஆறு குரங்குகள். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் கோலாலம்பூர் விமானத்தில் வந்தவரிடம் 47 மலைப்பாம்புகள். 2022 மே மாதம் சென்னையில் வெள்ளை முள்ளம்பன்றி ஒன்று. நிறம் மாறிய மிருகத்துக்கு இங்கே வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. பிடிபட்டவை இவை, பிடிபடாதவை எந்த மாடியறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றனவோ?

சட்டம் என்ன சொல்கிறது? உள்நாட்டுப் பாம்பில் குழப்பமே இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. நல்லபாம்பும் சாரையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்து வைத்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வெள்ளை, கறுப்பு என்ற பேதம் சட்டத்துக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பாம்பில்தான் இடுக்கு இருக்கிறது. சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்தன. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. கோஃபர் பாம்பு இல்லை. உரிமமும் சுகாதார அனுமதியும் இல்லாமல் இறக்குமதி செய்தால் குற்றம். ஆனால் உள்ளே வந்துவிட்ட பாம்பு யாருடைய பதிவேட்டிலும் ஏறாது. அதன் குட்டிகளும் ஏறா.

வெள்ளைப் பாம்பு தப்பிப் போனால் பிழைக்காது என்று சமாதானம் சொல்பவர்கள் கிரான் கனாரியாவைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்குச் சொந்தமான இந்தத் தீவில் செல்லப்பிராணியாக வந்த கலிஃபோர்னிய கிங் ஸ்நேக் 1990-களின் கடைசியில் வெளியே தென்பட ஆரம்பித்தது. அவற்றில் ஏராளமானவை அல்பினோ. வெளிச்சம் படாத பொந்துக்குள் வாழ்க்கை, வேட்டையாட எதிரி இல்லை. வெள்ளைத் தோல் ஒரு குறையாகவே இல்லை. தீவுக்கே உரிய பெரிய பல்லிகள், பாம்பு பரவிய இடங்களில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட 2017-ல் தமிழ்நாட்டிலிருந்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போக வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அமெரிக்கா கூண்டில் வளர்த்து ஊருக்குள் விட்டதைப் பிடிக்கச் செங்கல்பட்டுக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த இருளர்கள் சார்ந்த, 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் வடநெம்மேலியில் பாம்பைக் கூண்டில் வைக்கிறது. ஆனால் நிறத்துக்காக அல்ல. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வன இலாகா அனுமதியோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்பது 2020-ல் வெளியான மதிப்பீடு. கர்நாடகம் 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. மருந்து ஒன்றேதான், கடித்த பாம்பின் நிறம் டாக்டருக்குத் தேவையில்லை. கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

அப்படியானால் பாலகாட்டில் ஒரு வெள்ளைப் பாம்பைக் கண்டால் பார்க்க வேண்டியது எதை? பொதுமக்கள் எதையும் பார்க்க வேண்டாம். தள்ளி நின்று வன இலாகாவுக்குச் சொன்னால் போதும். பார்க்க வேண்டியவர் பிடிக்க வருபவர். நிறம் சொல்லாததைச் செதில் சொல்லும். முதுகின் நடுக்கோட்டில் அறுகோணச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக ஓடினால் கட்டுவிரியன். அதேபோல் தோன்றும் விஷமற்ற ஓநாய்ப் பாம்புக்கு அந்த வரிசை கிடையாது. கட்டுகள் அழிந்த வெளுத்த கட்டுவிரியனைப் பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் இல்லை. படம் எடுக்காத நல்லபாம்பும் உண்டு. கீழுதட்டில் நான்காம் ஐந்தாம் செதில்களுக்கு நடுவே ஆப்புபோல் ஒரு குட்டிச் செதில் இருந்தால் அதுதான். முரட்டு வரியோடிய செதில்களும் முக்கோணத் தலையுமாக இருந்தால் கண்ணாடி விரியன். சங்கிலி மங்கியிருந்தாலும் விரியன் விரியனே. பெரிய கண், நீண்ட மெலிந்த உடம்பு, பிடித்தால் நாய்போல் உறுமல் என்றால் சாரை.

இவை எதற்கும் பொருந்தாமல் ஆரஞ்சுத் திட்டுகளோடு புஸ்ஸென்று சீறினால், கண்ணுக்கு முன்னால் நெற்றியில் உள்ள செதில்களை எண்ண வேண்டும். நம்மூர்ச் சாரைக்கு அந்த இடத்தில் இரண்டு. கோஃபருக்கு வழக்கமாக நான்கு. நான்கு இருந்தால் பாம்பைக் காட்டில் விடக் கூடாது. எந்த வீட்டு மாடியிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.